அடியில் மூன்று வரி இல்லாத லேபிள்

நம் அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். வேலை கற்றுக்கொடுக்க நான் ஆளில்லை. எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன நடக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். இதையும் அப்படித்தான் எழுதினேன். எழுதி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. புரூஃப் பார்க்கிறவர் பிழை திருத்திக் கொடுத்தார்.

ஆனாலும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மாடி அறைக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து நான் வேலையை விட்டு நின்ற நாள் வரை அந்த அறையின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. முதலாளியே உள்ளே வரவேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்.

அதற்கு முன்பு நான் பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டினேன். புஸ்வாணத்துக்கு லேபிள் ஒட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. லேபிளின் அடியில் சின்ன எழுத்தில் மூன்று வரி இருக்கும். கையில் பிடித்துக் கொளுத்தாதே, தள்ளி நின்று கொளுத்து, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று போட்டிருக்கும். அந்த வரி நம் பெருவிரல் நகத்துக்கு மேலே வந்து உட்கார்ந்தால் லேபிள் நேராக நிற்கிறது என்று அர்த்தம். படத்தைப் பார்த்து ஒட்டுகிறவள் கோணலாக ஒட்டுவாள். நாங்கள் படத்தையே பார்ப்பதில்லை. வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், நகம் வரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பசை ஒத்துக்கொள்ளாமல் கையெல்லாம் வெடித்துப் போனதால்தான் அந்த வேலையை விட்டு அச்சகத்துக்கு வந்தேன்.

அப்போது டிசைன் போடுகிறவர்கள் விருதுநகரில் இருந்தார்கள். பிளேட் எடுத்து அச்சடிப்பது சிவகாசியில், இங்கே. அவர்கள் போட்ட டிசைனைச் சிடியில் ஏற்றி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கி வருவேன். எந்தக் கண்டக்டர் சிடியை டிக்கெட் பைக்குள் பத்திரமாக வைப்பார், எவர் என்ஜின் மேலே போட்டுச் சூடேற்றிக் கெடுப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு தடவை திருத்தங்கலில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டு, நடந்தே போய் வாங்கி வந்து கொடுத்தேன். வெயிலில் முகம் கறுத்துப் போயிருந்தாலும் அன்றைக்குப் பிளேட் பிரிவில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் திருப்பூரில் இருந்தாள். பஸ் ஸ்டாண்டுதான் எனக்குப் பேச்சுக்கு இடம்.

பிராட்பேண்டு வந்த புதிதில் விருதுநகர் டிசைன் பிரிவுக்கு ஒரு பெண் வேலைக்கு வந்தார். பெயரை எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை. அவருடைய அத்தா, அதாவது அப்பா, பஜாரில் வத்தல், மல்லி மண்டி வைத்திருந்தவர். அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. போனில்தான் பழக்கம். அவர் என்னைப் பெரியம்மா என்பார். நான் தாயி என்பேன்.

"பெரியம்மா, இனிமே நீங்க வெயில்ல நிக்க வேணாம். டிசைனெல்லாம் கம்பியிலயே வந்துரும்," என்றார் ஒரு நாள்.

"அம்புட்டுப் பெரிய ஃபைலு எப்படித் தாயி வரும்? மெயில்ல போட்டாலே பாதியில நின்னுபோகுதுன்னு சொல்றாகளே."

"இது வேற மாதிரி. டொரண்டுன்னு பேரு. செங்கல் லோடு எறக்குறத பாத்திருக்கீகளா? வரிசையா நின்னு ஒவ்வொரு கல்லாக் கைமாத்துவாக இல்ல? அப்படி ஃபைலைத் துண்டு துண்டாக்கி அனுப்பும். எந்தத் துண்டு முன்ன வந்தாலும் அது அது எடத்துல போய் ஒக்காந்துக்கும். நடுவுல கரண்டு போச்சுன்னா, வந்தது வந்ததுதான். மிச்சத்தை மட்டும் அனுப்பினாப் போதும்."

அந்த வருடங்களில் கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதலாளிக்கு இது பிடித்துப் போனது. மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார்கள்.

"இங்கிலீசு எழுத்துத் தெரியுமா?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

"தெரியும் மொதலாளி," என்றேன்.

தெரியாது. நம்பர் தெரியும். லேபிளில் வரும் நாலைந்து எழுத்துகளின் உருவம் தெரியும். தெரியாது என்று சொல்லியிருந்தால் கையில் விளக்குமாறைக் கொடுத்திருப்பார்கள். அதனால் தெரியும் என்றேன்.

டொரண்டில் ஃபைல் வரும்போது திரையில் நீளமாக ஒரு பட்டை தெரியும். துண்டுகள் வர வர, அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலம் விழுந்து பட்டை நிறையும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நிறைந்ததும் விருதுநகருக்குப் போன் போடுவேன்.

"வந்துருச்சு தாயி."

"நெசமாவா? இப்பத்தான் அனுப்பினேன், அதுக்குள்ளயா? சாப்பிட்டீகளா பெரியம்மா?"

அப்படியே கொஞ்ச நேரம் பேச்சு ஓடும். அவர் வீட்டில் என்ன குழம்பு, மண்டியில் யார் சண்டை போட்டார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு நாள் சொன்னார்: "இந்த வேலை மட்டும் போச்சுன்னா அத்தா என்னைய மண்டியில ஒக்கார வச்சிருவாக. நாள் பூரா வத்தல் நெடியில போன் எடுக்கணும். நான் படிச்ச படிப்பெல்லாம் தும்மல்லயே போயிரும் பெரியம்மா." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது குரலில் தெரிந்தது.

சீசன் வந்ததும் ஃபைல்கள் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு, ஒவ்வொன்றையும் பிளேட் பிரிவுக்குக் கையால் நகர்த்துவது முடியாத காரியமாகிவிட்டது. அப்போது அவர் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார். பைத்தான் என்று ஒரு கம்ப்யூட்டர் பாஷையாம். அச்செடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம்கூட வரவில்லை. அது செய்த வேலை என்னவென்றால், ஃபைல் வந்து சேரும் இடத்தை அடிக்கடி எட்டிப் பார்க்கும். ஃபைல் எவ்வளவு எடை இருக்கவேண்டுமோ அவ்வளவு எடைக்கு வந்திருந்தால், அதைப் பிளேட் பிரிவின் கம்ப்யூட்டருக்கு நகர்த்திவிட்டு வரிசையிலிருந்தும் எடுத்துவிடும். அதற்குப் பிறகு அடுத்த ஃபைல். கரண்டு போய் வந்து நான் கம்ப்யூட்டரைப் போட்டால் போதும், அதுவே எழுந்து வேலையைத் தொடங்கிவிடும்.

நன்றாக வேலை செய்தது. ஒரு குறையும் இல்லை. என் போனுக்குத்தான் வேலை இல்லாமல் போய்விட்டது.

கீழே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். ஆட்கள் கேலி பேசிச் சிரிப்பது கேட்கும். மேலே நானும் அந்தப் பட்டையும் மட்டும். நீலம் நிறையும், காணாமல் போகும், அடுத்தது வரும். யாரும் யாரிடமும் சொல்லவேண்டியதில்லை. காலையில் அறையைத் திறந்து சாயங்காலம் பூட்டுகிறவரை வாய் திறக்காத நாட்கள் இருந்தன. வீட்டுக்குப் போனாலும் அதேதான். ஒரு நாள் பால்காரர் ஏதோ கேட்க, பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டை கட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் எனக்கு ஒரே ஒரு விதி சொல்லியிருந்தார்.

"திரையில ஏதாச்சும் பெட்டி மாதிரி வந்து நின்னுச்சுன்னா, எதையும் அமுக்காதீக பெரியம்மா. எனக்குப் போன் போட்டு, அதுல என்ன எழுதியிருக்குன்னு அப்படியே படிச்சுச் சொல்லுங்க. நான் என்ன செய்யணும்னு சொல்றேன்."

"சரி தாயி."

அவருக்குப் போன் போட எனக்கு மிச்சம் இருந்த ஒரே காரணம் அதுதான். எனக்கு வராததும் அது ஒன்றுதான்.

முதல் பெட்டி வந்தபோது போனைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் குரலைக் கேட்டுப் பல நாளாகிவிட்டது. நம்பரையும் அமுக்கிவிட்டேன். மணி அடிக்கிறது. எடுத்து, "என்ன எழுதியிருக்கு பெரியம்மா?" என்று கேட்டால் என்ன சொல்வது? வைத்துவிட்டேன். பெட்டியில் இரண்டு பட்டன் இருந்தது. இடது பக்கம் இருந்ததை அமுக்கினேன். பெட்டி போய்விட்டது. எதுவும் ஆகவில்லை. அடுத்த முறையும் அப்படியே செய்தேன். அப்போதும் எதுவும் ஆகவில்லை. இடது பக்கம் நல்ல பக்கம் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு தப்பைச் செய்து, அதனால் ஒன்றும் ஆகாமல் போனால், அதுதான் ஆபத்து. இரண்டாம் தடவை அதுவே பழக்கமாகிவிடும். மூன்றாம் தடவை அதுவே நம் திறமை என்று தோன்றும்.

சீசன் உச்சத்தில் ஒரு நாள் வழக்கத்தைவிடப் பெரிய பெட்டி ஒன்று வந்தது. அதில் எழுத்து நிறைய இருந்தது. இடது பக்கத்தை அமுக்கினேன். கொஞ்ச நேரம் எதுவோ ஓடியது. டொரண்டு மூடித் திறந்தது. திறந்தபோது பட்டையின் நீலம் முன்பைவிடக் கொஞ்சம் வெளிறியிருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கு மூன்றாம் நாள்தான் அது நடந்தது.

சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு லேபிள் ஆர்டர். குழந்தைகள் கொளுத்துகிற சின்னப் புஸ்வாணம். புது டிசைன்: வெள்ளைத் தரையில் ஒரு மயில், தோகையெல்லாம் தீப்பொறி. அன்றைக்கே லேபிள் போய்ச் சேரவேண்டும். ஆட்களை ஏற்றி வருகிற அவர்கள் கம்பெனி வேனே லேபிளை ஏற்ற வந்து நின்றுவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

காலையில் அந்த ஃபைல் வந்துகொண்டிருந்தது. பட்டையில் ஒரு சின்னக் கீற்றுதான் நிறையவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. யுபிஎஸ்ஸும் கத்திவிட்டு அணைந்தது. கரண்டு வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன். டொரண்டு திறந்து பட்டை வந்து நின்றபோது மயில் ஃபைல் வரிசையில் இல்லை. புரோகிராம் அதைப் பிளேட் பிரிவுக்கு நகர்த்தியிருந்தது. மிச்சக் கீற்று எப்போது வந்தது என்று ஒரு நொடி யோசித்தேன். அது நகர்த்தியிருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மதியத்துக்கு மேல் டீ வாங்கிக்கொண்டு கீழே போனேன். லேபிள் அச்சாகி, வெட்டி, கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள். மயில் ரொம்ப அழகாக வந்திருந்தது. மேலே இருந்த ஒரு லேபிளை எடுத்தேன். பழக்க தோஷம், பெருவிரல் தானாக அடிப்பக்கம் போனது. நகம் தடுமாறியது. உட்கார வரி இல்லை. வெள்ளையாக இருந்தது.

இன்னொன்றை எடுத்தேன். அதிலும் வெள்ளை. இன்னொரு கட்டைப் பிரித்தேன்.

"என்ன மதினி, டீ கொண்டாந்தீகளா, கட்டைப் பிரிக்க வந்தீகளா?" என்றார் மிஷின்காரர். என் வயதுக்குக் கொஞ்சம் இளையவர். என்னைக் கேலி செய்யாமல் அவருக்கு டீ இறங்காது.

"அடியில எழுத்து எங்கன?"

"எந்த எழுத்து?"

"சின்ன எழுத்து. மூணு வரி. எல்லா லேபிள்லயும் இருக்குமே."

அவர் வாங்கிப் பார்த்தார். பிளேட் பிரிவில் இருந்தவரைக் கூப்பிட்டார். அவர் தன் கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஃபைலு முழுசா வந்திருக்கு. சைஸ் ஒரு புள்ளி கொறையல. டிசைனே அப்படித்தான் போல. புது மாடல்," என்றார்.

"புது மாடல்னா நெருப்பு சுடாதா?"

"மதினி, படிச்ச ஆளு பாத்துச் சொல்றாரு. மயிலுக்குக் கால் இல்லன்னு சொல்லுங்க, ஒத்துக்குறேன். எழுத்து இல்லன்னு நீங்க சொல்லலாமா?" என்று மிஷின்காரர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அவர் சொன்னதில் தப்பில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் எழுத்தைத் தேடுகிறாள். ஆனால் என் நகத்துக்குத் தெரிந்தது அவர்கள் ஒருவருக்கும் தெரியாது.

மாடிக்கு ஓடி விருதுநகருக்குப் போன் போட்டேன். அத்தனை நாள் கழித்து.

"தாயி, மயில் லேபிள் அடியில எழுத்து போட்டீகளா?"

"போட்டேனே. மூணு வரி. ஏன் பெரியம்மா?"

"அச்சுல இல்ல. வெள்ளையா இருக்கு."

அந்தப் பக்கம் அவர் டிசைனைத் திறந்து பார்க்கிற கிளிக் சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "நிப்பாட்டச் சொல்லுங்க பெரியம்மா. வேனை விடாதீக."

கீழே வந்தால், வேன் வந்து நிற்கிறது. கட்டுகளைத் தூக்க ஆள் குனிந்துவிட்டது. சொன்னேன். மிஷின்காரர் முகத்தில் இப்போது கேலி இல்லை. "டிசைன் போடுற பிள்ள சொல்லி லோடை நிப்பாட்ட எனக்கு அதிகாரம் இல்ல மதினி. மொதலாளி சொல்லணும்," என்றார். முதலாளி மதுரையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். போன் அடித்துப் பார்த்தோம். எடுக்கவில்லை.

வேன் டிரைவர் அவசரப்பட்டார். "அங்கன லேபிள் ஒட்டுற பொம்பளைக அம்புட்டுப் பேரும் கையைக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காக. ஏத்துங்கய்யா."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கட்டுகள் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"ஏ ஆத்தா, எறங்கு," என்றார் டிரைவர்.

"ஏத்துறதுன்னா என்னையும் சேத்துக் கட்டி ஏத்துங்க. நானும் அங்கன ஒக்காந்து ஒட்டுனவதான். இதை ஒட்டி அனுப்பி, எவ பிள்ளையாவது கையில பிடிச்சுக் கொளுத்துச்சுன்னா, அந்தப் பாவம் ஒட்டுனவளுக்கா, ஓட்டிட்டுப் போன ஒனக்கா?"

டிரைவர் பீடியைப் பற்றவைக்கப் போனவர், அச்சகம் என்று நினைவு வந்து காதில் சொருகிக்கொண்டார். யாரும் என்னைத் தொட்டுத் தூக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் மயில்கள் மேலே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பேர் நடமாடுகிற இடத்தில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. நான் நினைத்தது தப்பாக இருந்தால் நாளைக்கு இந்த வாசலில் கால் வைக்க முடியாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

முதலாளி கூப்பிட்டபோது வெயில் இறங்கிவிட்டது. மிஷின்காரரே போனை என்னிடம் கொடுத்தார். சொன்னேன். "மிஷின்காரர்ட்ட குடுக்கா," என்றார் முதலாளி. மிஷின்காரர் "சரிங்க, சரிங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, வேனைக் காலியாக அனுப்பினார்.

மறுநாள் காலை எல்லோரையும் பிளேட் பிரிவில் கூட்டினார் முதலாளி. விருதுநகரிலிருந்து அந்தப் பெண்ணும் வந்தார். அன்றைக்குத்தான் அவரை நேரில் பார்த்தேன். குரலை வைத்து உயரமாக நினைத்திருந்தேன். என் தோள் உயரம்தான் இருந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே என்னைத் தேடிக் கண்டுபிடித்து, லேசாகத் தலையசைத்தார். கையில் ஒரு தாள் வைத்திருந்தார்.

என்ன நடந்தது என்று முதலாளி கேட்க, அவர் சொன்னார்: "டொரண்டு புது மாடலுக்கு மாறியிருக்கு சார். பழசுல ஃபைலு வர வரத்தான் எடை ஏறும். புதுசு, ஃபைலு வர்றதுக்கு முன்னாடியே முழு எடத்தையும் புடிச்சு வச்சிருது. பஸ் சீட்டுல துண்டு போட்டு எடம் புடிக்கிற மாதிரி. சீட்டு நெறஞ்ச மாதிரி தெரியும், ஆள் வந்திருக்க மாட்டாக. என் புரோகிராம் எடையை மட்டும் பாத்துச்சு. டொரண்டு ஓடுறப்ப அது ஃபைலை விடாமப் புடிச்சிருக்கும், நகத்த முடியாது. கரண்டு வந்ததும் டொரண்டு தெறக்கிறதுக்கு முந்தி என் புரோகிராம் எந்திரிச்சிருச்சு. எடை சரியா இருக்குன்னு நகத்திருச்சு. வராத துண்டு இருக்க வேண்டிய எடம் மை இல்லாம வெள்ளையா நின்னுருச்சு. தரையும் வெள்ளைங்கிறதால யாருக்கும் தெரியல."

"புது மாடலுக்கு யாரு மாத்துனது?"

"அது கேக்கும் சார். ஒரு பெட்டி வரும். சரின்னு அமுக்குனா மாறிரும்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை. எனக்குக் கொடுக்க ஒரு சேலை வாங்கி மேசைமேல் வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டேன். "ஏக்கா, அப்படிப் பெட்டி எதுவும் வந்துச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மிஷின்காரர், பிளேட் பிரிவுக்காரர், நேற்றுச் சிரித்தவர்கள் எல்லோரும். இன்றைக்கு அவர்கள் கண்ணில் மரியாதை இருந்தது. அந்தப் பெண்ணும் பார்த்தார்.

"பெட்டி வந்தா நான் படிச்சுப் பாத்துத்தான் அமுக்குவேன் மொதலாளி," என்றேன். "அப்படி எதுவும் வரல."

அந்தப் பெண் கையில் இருந்த தாளைப் பார்த்தார். எந்த நாள், எத்தனை மணிக்கு மாறியது என்பது அதில் இருந்திருக்கவேண்டும். மாடி அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் அந்தத் தாளை இரண்டாக மடித்தார். அப்புறம் நான்காக மடித்தார்.

"சில சமயம் கேக்காமயும் மாறும் சார்," என்றார். "எப்படி மாறினாலும் என் புரோகிராம் எடையை நம்பியிருக்கக் கூடாது. முழுசா வந்துச்சான்னு டொரண்டுகிட்டயே கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

முதலாளி சேலையை எனக்குக் கொடுத்தார். "இங்கிலீசு படிச்ச நாலு பேரு பாத்தும் தெரியாதது எங்க அக்கா கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். கை தட்டினார்கள். அந்தப் பெண்ணிடம், புரோகிராமைச் சரிசெய்து அனுப்பிவிட்டு, அந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொன்னார். அவர் "சரிங்க சார்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். வாசல் வரைக்கும் நான் கூடப் போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

"நேத்து நீங்க மட்டும் பாக்கலைன்னா பெரியம்மா..." என்று ஆரம்பித்து அவர் முடிக்கவில்லை. "வெயிலா இருக்கு, உள்ள போங்க," என்றார்.

நான் உள்ளே போனேன்.

லோடை நிறுத்தின கதையை இந்த அச்சகத்தில் பலரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கட்டுமேல் ஏறி உட்கார்ந்தாளாம், வேனை மறித்தாளாம் என்று கூட்டியும் சொல்லுவார்கள். அதைக் கேட்டு என்னைத் தைரியக்காரி என்று நினைக்காதீர்கள். ஊரே எதிர்த்து நிற்கும்போது, கண்ணால் பார்த்ததைச் சொல்வது சுலபம். நெஞ்சில் ஒரு பிடிவாதம் இருந்தால் போதும். ஊரே கை தட்டும்போது "எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது" என்று நாலு வார்த்தை சொல்வதற்குத்தான் தைரியம் வேண்டும். அது என்னிடம் இல்லை. நீங்கள் வேலையில் எவ்வளவோ தப்புச் செய்வீர்கள், அதற்கு மருந்து உண்டு. தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிட்டால், அதைக் காப்பாற்றவே ஒரு ஆயுசு வேலை செய்யவேண்டியிருக்கும்.

அந்த மாதக் கடைசி நாள், சரிசெய்த புரோகிராம் விருதுநகரிலிருந்து வந்து சேர்ந்தது. அதுவும் டொரண்டில்தான் வந்தது. பட்டை நிறைந்தது. பிளேட் பிரிவுக்காரர் வந்து அதை ஓட்டிவிட்டுக் கீழே போனார். முதல் ஃபைல் வந்து முடிந்ததும் திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது.

இனிமேல் ஆள் பார்த்துச் சரி சொன்னால்தான் ஃபைல் நகரும் என்று சொல்லியிருந்தார்கள். நான் பயந்துகொண்டே பெட்டியைப் பார்த்தேன்.

அதில் ஒரு எழுத்துகூட இல்லை. வந்த லேபிளின் படம் பெரிதாக, அடிவரை முழுசாகத் தெரிந்தது. அதற்குக் கீழே இரண்டு பட்டன். பச்சைப் பட்டனில் ஒரு வேன் வரைந்திருந்தது. சிவப்புப் பட்டனில் போன் வரைந்திருந்தது.

ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்போதிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தெரியும் என்று யோசித்தேன். நான் நம்பரை அமுக்கி, மணி அடித்ததும் வைத்துவிட்ட அந்த நாளிலிருந்தா? கூட்டத்தில் நான் பொய் சொன்னபோதா? தெரிந்தே ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிப் போயிருக்கிறார்.

லேபிளை அடிவரை பார்த்தேன். மூன்று வரியும் இருந்தது. பச்சையை அமுக்கினேன். அப்புறம் போனை எடுத்து விருதுநகருக்குப் போட்டேன். இந்தத் தடவை வைக்கவில்லை.

ஒரு ஆண் குரல் எடுத்தது. "யாரு?"

"சிவகாசியிலேருந்து. மாடியிலேருந்து பேசுறேன். அந்தப் பிள்ள இருக்கா?"

"அவுக காலையிலயே கணக்கு முடிச்சுட்டுப் போயிட்டாக. நான் புதுசு. என்ன விசயம்?"



"ஃபைலு வந்துருச்சு," என்றேன்.

"அதான் இங்கன திரையிலயே தெரியுதே," என்றார் அவர். "இதுக்கெல்லாமா போன் போடுவீக?"